தலையில்லாத இளவரசி... தலையை வெட்டிய அப்பா! வியட்நாமின் சங்குக் கோட்டை ராஜா கதை

வியட்நாம் தலைநகர் ஹனோயின் நடுப்பகுதியிலிருந்து செந்நதியைத் தாண்டி வடக்கே 17 கிலோமீட்டர் போனால் கோ லோவா என்ற கிராமம் வரும். அங்கே ஒரு வயதான ஆலமரம். அதை ஒட்டிச் சின்னதாக ஒரு கோயில். உள்ளே எட்டிப் பார்த்தால், பட்டு அங்கி உடுத்தி, முத்துமாலைகள் போட்டு, உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் போல ஒரு கல். கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. தலை கிடையாது!

அந்தத் தலையை வெட்டியவர் அவளோட சொந்த அப்பா. அவருக்கும் அதே கிராமத்தில், நடந்து போகிற தூரத்தில், பெரிய கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இந்தப் பக்கமும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், அந்தப் பக்கமும் ஏற்றுகிறார்கள். வெட்டினவரும் சாமி, வெட்டுப்பட்டவளும் சாமி.

அந்த அப்பாவின் பெயர் ஆன் ஸுவோங் வுவோங். வுவோங் என்றால் மன்னர். ராஜா ஆவதற்கு முன்னால் துக் ஃபான். இன்றைக்கு சுமார் 2,200 வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்தவர். ஹனோயில், ஹோ சி மின் நகரில் எல்லாம் இவர் பெயரில் சாலைகள் இருக்கின்றன. இவர் கதையைப் படிக்காமல் ஒரு வியட்நாம் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட முடியாது. உயர்நிலைப் பள்ளி இலக்கியப் பாடத்திலேயே அப்பா, மகள், மாப்பிள்ளை மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள்.

இவர் வாழ்க்கையில் எது நடந்தது, எது ஊர் சொன்ன கதை என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் இவர் கட்டியதாகச் சொல்லும் கோட்டை கற்பனை இல்லை. மண் மதில்கள் இன்னும் வயல்களுக்கு நடுவே நெடுநெடுவென ஓடுகின்றன. சனங்கள் அதன் மேலே நடந்துபோய்க் காய்கறி பயிரிடுகிறார்கள்.

எல்லாம் ஒரு பொண்ணு கேட்ட விஷயத்தில் ஆரம்பித்தது

அந்தக் காலத்தில் செந்நதிச் சமவெளியை ஹுங் மன்னர்கள் ஆண்டார்கள், நாட்டின் பெயர் வான் லாங் என்கிறது மரபு. பக்கத்து துக் நாட்டு அரசர் ஹுங் மன்னரின் மகளைப் பொண்ணு கேட்டு அனுப்புகிறார். மன்னருக்குக் கொடுக்கலாம் என்றுதான் எண்ணம். ஆனால் கூட இருந்த பிரபு தடுத்துவிட்டார். பொண்ணு ஒரு சாக்குதான், அவர்களுக்கு வேண்டியது நம்ம நிலம் என்பது அவருடைய கணக்கு. சம்பந்தம் முறிந்தது. அந்த அவமானத்தைத் துக் அரசர் மறக்கவில்லை, வாரிசுகளுக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போனார். பேரன் துக் ஃபான் படையோடு வந்து ஹுங் மன்னரைத் தோற்கடித்து நாட்டையே பிடித்தார்.

இது நடந்தது கி.மு. 257 என்கிறது 15-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அரச வரலாறு. இன்றைய வியட்நாம் வரலாற்றாசிரியர்கள் பலர் கி.மு. 208-ஐ ஒட்டி என்கிறார்கள். எந்த வருஷமாக இருந்தாலும் இந்தப் பொண்ணு கேட்ட சம்பவத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

துக் என்பதைச் சீன எழுத்தில் எழுதினால் ஷூ என்று வரும். ஷூ என்பது இன்றைய சிச்சுவான் பகுதியில் இருந்த பழைய ராஜ்ஜியம். அதை கி.மு. 316-லேயே சின் நாடு விழுங்கிவிட்டது. அங்கிருந்து ஓடிவந்த அரச குடும்பத்துப் பிள்ளையா இவர்? அவ்வளவு தூரமா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு.

வியட்நாமின் வடக்கு எல்லையில் காவ் பாங் மலைப்பகுதி இருக்கிறது. அங்கே வாழும் தாய் இன மக்கள், துக் ஃபான் எங்க ஊர்ப் பையன் என்கிறார்கள். அவர்கள் கதைப்படி அப்பா சாகும்போது பையனுக்கு வயசு பத்து. சிற்றரசர்கள் ஒன்பது பேர் சிம்மாசனத்தைக் கேட்டு வந்து நிற்கிறார்கள். பையன் சண்டைக்குப் போகவில்லை, போட்டி வைத்தான். படகு கட்டுவது, இரும்பைத் தேய்த்து ஊசியாக்குவது, நாற்று நடுவது என்று ஆளுக்கொரு வேலை. யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கு நாடு. முடியப்போகிற நேரத்தில் எல்லோருக்கும் கவனம் சிதறிவிடுகிறது. காரணம், கூடமாட உதவிக்கு என்று அழகான ஒன்பது பெண்களை ரகசியமாக அனுப்பியதே அந்தப் பையன்தான்!

ஆக, கல்யாணப் பேச்சுக்குப் பின்னால் நிலப் பேராசை ஒளிந்திருக்கும் என்பது இவர் குடும்பக் கதை. அன்பைக் காட்டி ஆளைக் கவிழ்க்கலாம் என்பது இவரே சின்ன வயசில் செய்த வேலை. இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் பின்னால் போய் அந்தப் பள்ளத்தில் விழுந்தார்.

ராத்திரியில் சரிந்த மதில்

துக் ஃபான் மலைக்காரரான ஔ வியட் மக்களையும் சமவெளிக்காரரான லாக் வியட் மக்களையும் சேர்த்து ஒரே நாடாக்கினார். இரண்டு பெயரையும் ஒட்டி ஔ லாக் என்று பேர் வைத்தார். ஆன் ஸுவோங் வுவோங் என்ற பட்டமும் அப்போது வந்ததுதான்.

அடுத்து தலைநகர். மலை அரண் எதையும் அவர் தேடவில்லை. நெல் விளைகிற சமவெளிக்கு நடுவே, ஹோவாங் ஆற்றங்கரையில் இடம் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆற்றில் படகு விட்டால் எங்கேயும் போகலாம். ஆனால் ஒரே சேறும் சதுப்பும். கதை சொல்கிறது: பகலில் எழுப்பும் மதில் ராத்திரியில் சரிந்து விழும். மறுபடி எழுப்புவார்கள், மறுபடி விழும்.

மன்னர் நோன்பிருந்து வேண்டிக்கொண்டார். ஆற்றிலிருந்து ஒரு பொன் ஆமை வந்தது. பெயர் கிம் குய். பழைய ராஜ்ஜியத்தின் ஆவிகள் பழிவாங்கக் காத்திருக்கின்றன, அவற்றுக்குத் துணையாகப் பக்கத்து மலையில் ஆயிரம் வயசான ஒரு வெள்ளைச் சேவல் பிசாசாக உட்கார்ந்திருக்கிறது என்று ஆமை காரணம் சொன்னது. சேவலை ஒழித்தார்கள். மதில் நின்றது. (ஹனோய் நகரின் நடுவிலுள்ள வாள் ஏரியில் மன்னர் லே லோயிடமிருந்து வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதாகச் சொல்லும் ஆமையும் இதே கிம் குய்தான். வியட்நாம் கதைகளில் ஆமைக்கு ஓய்வே கிடையாது!)

கோட்டை சங்கு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் என்பதால் லோவா தான், சங்குக் கோட்டை என்று பேர். ஒன்பது சுற்று இருந்தது என்பது கதை. இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிவது மூன்று. வெளி மதிலின் சுற்றளவு சுமார் 8 கிலோமீட்டர், நடு மதில் 6.5 கிலோமீட்டர், உள்ளே செவ்வகமாக 1.65 கிலோமீட்டர். அடிப்பாகத்தில் 20 முதல் 30 மீட்டர் அகலம். இன்றைக்கும் 4, 5 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன, சில இடங்களில் அதைவிட அதிகம். ஒவ்வொரு மதிலுக்கும் வெளியே அகழி. அகழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஆற்றோடும் சேர்கின்றன. ஆற்றிலிருந்து படகை அப்படியே அகழிக்குள் கொண்டுவரலாம்.

இவ்வளவு பெரிய வேலையை உள்ளூர்க்காரர்கள் செய்திருப்பார்களா, பின்னால் ஆண்ட சீனர்கள் கட்டியதாக இருக்குமோ என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2007-ல் அமெரிக்கத் தொல்லியலாளர் நாம் கிம், வியட்நாம் ஆய்வாளர்களோடு சேர்ந்து நடு மதிலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். மதில் ஒரே நாளில் குவித்த மண்மேடு இல்லை என்பது தெரிந்தது. அடுக்கடுக்காக மண்ணைக் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்த கரித்துண்டுகளைச் சோதித்துக் காலம் கணித்தபோது, பெரும்பகுதி வேலை கி.மு. 3, 2-ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று வந்தது. சீனத்தின் ஹான் படைகள் இந்தப் பகுதியைக் கைப்பற்றியது கி.மு. 111-ல். அதற்கு முன்பே மதில் எழுந்துவிட்டது.

கிராமம் சொல்லிவந்த காலமும் மண் சொன்ன காலமும் பொருந்திப் போயின. மண்ணில் ராஜாவின் பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு மண்ணை வெட்டிச் சுமக்க ஆயிரக்கணக்கான ஆட்களைத் திரட்டி, வருஷக்கணக்கில் சோறு போட்டு வேலை வாங்க ஒரு வலுவான தலைமை இருந்தே ஆக வேண்டும். வெள்ளைச் சேவல் பிசாசை நம்பாதவர்களும், சதுப்பு நிலத்தில் மதில் சரிந்துகொண்டே இருந்தது என்பதை நம்பலாம். அந்தச் சேற்றைப் பார்த்தால் எந்தக் கொத்தனாரும் தலையாட்டுவார்.

வேலையாட்களுக்குப் போட்ட சோறு என்றதும் ஒரு தின்பண்டம் நினைவுக்கு வருகிறது. கோ லோவாவில் போங் சூ என்று ஒன்று விற்கிறார்கள். பொரித்த ஒட்டரிசியில் வெல்லப்பாகும் இஞ்சியும் சேர்த்து அழுத்தி வெட்டிய வில்லை. நம்ம பொரி உருண்டைக்குப் பெரியம்மா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் படையாட்களுக்குக் கொடுத்த கட்டுச்சாதத்திலிருந்து வந்ததாம் இது. மிஞ்சிய சோற்றைக் காயவைத்துப் பொரித்துப் பாகில் போட்டார்களாம். இன்றைக்கும் திருவிழாவில் முதல் படையல் இதுதான்.

ஆமை நகமும் பத்தாயிரம் அம்பும்

மதில் நின்றதும் ஆமை விடைபெற்றது. எதிரி வந்தால் எதை வைத்துத் தடுப்பது என்று மன்னர் கேட்க, ஆமை தன் நகம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தது. காவ் லோ என்ற தளபதி அதைக் குறுக்குவில்லின் விசையாகப் பொருத்தினார். ஒரு தடவை விசையைத் தட்டினால் நூற்றுக்கணக்கில் எதிரிகள் விழுவார்கள்.

குறுக்குவில் என்பது கட்டையில் குறுக்காக வில்லைப் பொருத்திய ஆயுதம். நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவைத்துவிடலாம். குறிபார்த்து விசையைத் தட்டினால் போதும். சாதாரண வில்லுக்கு வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும், இதற்கு வேண்டாம். உழவனைக்கூடச் சில வாரத்தில் வீரனாக்கிவிடலாம். இதில் முக்கியமே அந்தக் கொக்கிதான். வளைந்து, கெட்டியாக, விரல் நீளத்தில் இருக்கும் சின்னத் துண்டு. கிட்டத்தட்ட ஒரு நகம் மாதிரி! கதை கட்டியவர்கள் ஆயுதத்தின் சரியான இடத்தில்தான் மந்திரத்தை வைத்திருக்கிறார்கள்.

1959-ல் கோட்டையின் தெற்கே கௌ வுக் என்ற இடத்தில் மண் வெட்டும்போது வெண்கல அம்புமுனைகள் கிடைத்தன. ஒன்று இரண்டு இல்லை, சுமார் 10,000! குவியல் குவியலாக, மூன்று விளிம்பு வைத்து வார்த்தவை. ஒரே அம்பில் நூறு பேரைக் கொன்றது புராணம், சரி. ஆனால் ஒரே இடத்தில் பத்தாயிரம் அம்பு என்பது ஆயுதக்கிடங்கு.

அவை எங்கே செய்யப்பட்டன என்பதற்கும் பின்னால் விடை வந்தது. மன்னருக்குக் கோயில் இருக்கிறதே, அந்த வளாகத்திலேயே 2004, 2005-ல் தோண்டினார்கள். அதே மூன்று விளிம்பு அம்புமுனைகளை வார்க்கும் கல் அச்சுகளும் உலைகளும் அடியில் இருந்தன. இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் ஊதுபத்தி ஏற்றியது ராஜாவின் ஆயுதப் பட்டறைக்கு மேலேதான்.

இடையில் 1982-ல் கோட்டைக்குள் மா ட்ரே என்ற இடத்தில் ஒரு பெரிய வெண்கல முரசு கிடைத்தது. தோங் சோன் பண்பாட்டின் அடையாளமே இந்த முரசுகள். எடை 72 கிலோ. அதற்குள்ளே சுமார் 200 வெண்கலப் பொருட்களை அடைத்துப் புதைத்திருந்தார்கள். அதில் கிட்டத்தட்ட 100 வெண்கலக் கொழுமுனைகள். வயலை உழுகிற கொழுமுனையை ராஜ முரசுக்குள் ஒளித்து வைத்தது யார், யாருக்குப் பயந்து? என்றைக்காவது திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்கள்போல. வரவில்லை.

வீட்டோட மாப்பிள்ளை

கோட்டையை உடைக்க நினைத்தவர் ட்ரியூ தா. சீனத்தில் ஜாவோ தோ. இவர் கதை மனிதர் இல்லை, வரலாற்று மனிதர். சின் பேரரசின் தென்படைத் தளபதியாக வந்தவர். பேரரசு நொறுங்கியதும் இன்றைய குவாங்சோவைத் தலைநகராக வைத்துத் தனி நாடு அமைத்துக்கொண்டார். அதன் பெயர் நாம் வியட். (இவர் பேரனின் கல்லறையை 1983-ல் குவாங்சோவில் கண்டுபிடித்தார்கள். பச்சைக்கல் துண்டுகளைத் தைத்துச் செய்த முழு உடையோடு படுத்திருந்தார்.)

ட்ரியூ தா படையெடுத்து வந்தார், ஆமை நக வில்லுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. திரும்பிப் போனவர் சமாதானம் பேசினார். கூடவே ஒரு சம்பந்தமும் பேசினார். என் மகன் ட்ரோங் துய்க்கு உங்க மகள் மி சௌவைக் கொடுங்கள் என்றார். ஆன் ஸுவோங் வுவோங் சம்மதித்தார்.

அன்றைக்கு ஹுங் மன்னர் கூட இருந்த பிரபுவின் பேச்சைக் கேட்டார், இந்த மன்னர் கேட்கவில்லை. வில் செய்த காவ் லோவே இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தடுத்தார், மன்னர் அவரை ஒதுக்கி அனுப்பிவிட்டார் என்று சில கதைகள் சொல்கின்றன. மாப்பிள்ளை கோட்டைக்குள்ளேயே தங்கினான், வீட்டோட மாப்பிள்ளையாக. எட்டு கிலோமீட்டர் மதில், அகழி, பத்தாயிரம் அம்பு எல்லாவற்றையும் தாண்டி அவனை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது மன்னரேதான்.

பக்கத்து மாக் ட்ராங் கிராமம் பூன் என்ற அரிசி நூடுல்ஸுக்குப் பேர் போனது. அது பிறந்ததே இந்தக் கல்யாண விருந்தில்தானாம். சமையல்காரர் அரிசிமாவைக் கூடையில் தவறிக் கொட்ட, ஓட்டை வழியாகக் கொதிக்கிற தண்ணீரில் நூல் நூலாக விழுந்ததாம். இடியாப்பம் பிழிந்த கைக்கு இந்தக் கதையை நம்புவதில் சிரமமே இருக்காது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ட்ரோங் துய் மனைவியிடம் அந்த வில்லைப் பார்க்க ஆசைப்பட்டான். அவளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கட்டின புருஷன், கேட்கிறான், காட்டினாள். அவன் ரகசியமாகப் போலி விசை ஒன்றைச் செய்து, ஆமை நகத்தைக் கழற்றி மாற்றிவிட்டான். அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பும்போது, நடுவில் இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்துவிட்டால் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்டான். தன்னிடம் வாத்து இறகு வைத்துத் தைத்த மேலங்கி இருக்கிறது, போகிற வழியில் ஒவ்வொரு முச்சந்தியிலும் இறகைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவேன் என்றாள் மி சௌ.

இந்தக் கேள்விக்கு அவள் யோசித்திருக்க வேண்டாமா என்று வியட்நாமில் காலங்காலமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. பாவம், யோசித்துத்தான் பதில் சொன்னாள். சண்டை வந்தாலும் அவனை விட்டுவிடக் கூடாது என்று யோசித்தாள்.

கடற்கரையில்

ட்ரியூ தாவின் படை வந்தது. மன்னர் பதறவில்லை, பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். படை மதிலுக்குக் கீழே வந்ததும் வில்லை எடுத்தார். விசை வேலை செய்யவில்லை.

மகளைக் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரிப்படை விடாமல் பின்தொடர்ந்தது, வழியெல்லாம் வெள்ளை இறகு கிடந்ததே. கடைசியில் கடல் வந்துவிட்டது. ங்கே ஆன் மாகாணத்தின் கடற்கரை என்பார்கள், அங்கே மோ ஸா மலையில் தென் குவோங் என்ற கோயிலும் அவருக்கு இருக்கிறது. மன்னர் ஆமையைக் கூப்பிட்டார். நீருக்கு மேலே வந்த ஆமை, உன் எதிரி உன் குதிரையில் உனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றது. மன்னர் திரும்பிப் பார்த்தார். வாளை உருவினார்.

சாகும் முன் மி சௌ சொன்னது இதுதான்: துரோகம் நினைத்திருந்தால் நான் தூசியாகப் போகட்டும், ஏமாந்துபோனது மட்டும்தான் என் குற்றம் என்றால் என் ரத்தம் முத்தாகட்டும். அவள் ரத்தம் கடலில் கலந்தது, சிப்பிகள் குடித்தன, முத்தானது. மன்னர் ஆமைக்குப் பின்னால் தண்ணீரைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போய்விட்டார். இறகைத் தொடர்ந்து வந்த ட்ரோங் துய் கண்டது தலையில்லாத உடல். கோ லோவாவுக்குத் தூக்கிவந்து அடக்கம் செய்தான். பிறகு தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகமே தெரிய, ஒருநாள் கிணற்றில் விழுந்து செத்தான்.

அந்தக் கிணறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மன்னர் கோயிலுக்கு எதிரே குளத்துக்கு நடுவில் வட்டமாக இருக்கிறது. கடல் முத்தை இந்தத் தண்ணீரில் கழுவினால் இன்னும் பளபளக்கும் என்பது நம்பிக்கை. அவனை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமா? ஊர் அதற்கு மேல் சொல்வதில்லை.

பழைய ஏட்டில் வேறு கதை

இந்தக் கதை எப்போதுமே இப்படி இருந்ததில்லை. எனக்கு இதில் ரொம்ப உறுத்திய இடம் இதுதான்.

ஆன் ஸுவோங் வுவோங்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று 4-ம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றில் இருந்தது. அந்த நூல் அழிந்துவிட்டது. நல்லவேளையாக 6-ம் நூற்றாண்டில் சீன ஆறுகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய லி தாவோயுவான் அந்தப் பகுதியை எடுத்து எழுதிவைத்தார். அதில் ஆமை இல்லை. வில்லைச் செய்தவர் காவ் தோங் என்ற தெய்வ மனிதர். மன்னர் அவர் அருமை தெரியாமல் மோசமாக நடத்தினார், அவர் போய்விட்டார். எதிரி நாட்டு இளவரசன் மாப்பிள்ளையாக வரவில்லை, பணிந்து சேவகம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இளவரசி அவன்மேல் ஆசைப்பட்டாள், வில்லைக் காட்டினாள், அவன் அதை ரம்பத்தால் அறுத்துவிட்டு ஓடினான். போர் வந்தது, வில் முறிந்தது, மன்னர் படகில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான். குதிரை இல்லை, இறகு இல்லை. மகளை வெட்டவும் இல்லை.

பொன் ஆமையும் வாத்து இறகும் வாள்வெட்டும் சேர்ந்த முழுக்கதை 14, 15-ம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வியட்நாம் பழங்கதைத் தொகுப்பில்தான் எழுத்தில் நிற்கிறது. நடுவில் ஆயிரம் வருஷம். அதில் பெரும்பகுதி வியட்நாம் சீன ஆட்சியில் இருந்தது. நாடு எப்படிப் போச்சு என்று பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பதில் மாறியிருக்கும். பழைய ஏட்டில் முதல் தப்பு ராஜாவுடையது, திறமைசாலியை விரட்டினார். புதிய கதையில் கடைசிக் குற்றவாளி மகள். எங்கோ நடுவழியில் பழி அப்பா தோளிலிருந்து இறங்கிப் பொண்ணு தோளில் ஏறிவிட்டது.

வரலாறு இன்னும் வறட்சியாக முடிக்கிறது. சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியபடி, கி.மு. 180-ல் சீனப் பேரரசி லூ இறந்த பிறகு ஜாவோ தோ அக்கம்பக்கத்து நாடுகளைப் படையைக் காட்டி மிரட்டியும், பணத்தையும் பரிசையும் கொடுத்து வசப்படுத்தியும் தன் கீழ் கொண்டுவந்தார். அந்த நாடுகளில் லாக்கும் ஒன்று. இதை வைத்துத்தான் ஔ லாக் விழுந்தது கி.மு. 179 என்று இன்றைக்குக் கணக்குப் போடுகிறார்கள். ஆன் ஸுவோங் வுவோங் பெயரை சிமா சியான் எழுதவே இல்லை. பெரிய முற்றுகை, மதில் உடைந்தது என்றும் எதுவும் இல்லை. மிரட்டலும் கையூட்டும்தான். யாரோ உள்ளே இருந்து கதவைத் திறந்தார்கள் என்ற நினைவு மட்டும் கதையில் தங்கி, அந்தக் கைக்கு மி சௌ என்று பெயர் வந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டை அதோடு சாகவில்லை. கி.பி. 938-ல் பாக் தாங் ஆற்றுப் போரில் சீனப் படையை முறியடித்த நோ குயென், மறுவருஷம் தன் தலைநகராகத் தேர்ந்தெடுத்தது இதே கோ லோவாவைத்தான். ஆயிரம் வருஷ அடிமைத்தனத்துக்குப் பிறகு முதல் ராஜா, பழைய ராஜா விட்டுப்போன இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

இப்போது மன்னர் கோயிலில் இருப்பது 1897-ல் வார்த்த வெண்கலச் சிலை. அந்த வெண்கல மன்னருக்கு வருஷா வருஷம் சந்திர நாட்காட்டியின் முதல் மாதம் 6-ம் நாள் திருவிழா. சுற்றியுள்ள எட்டு ஊர்களும் பல்லக்கு எடுத்து வருகின்றன. குறுக்குவில் எய்கிறார்கள். மனுஷர்களையே காய்களாக நிறுத்திச் சதுரங்கம் ஆடுகிறார்கள். கோட்டையை இழந்த நாளில் ராஜாவும் ஒரு பலகை ஆட்டத்தில்தான் இருந்தார்.

தலையில்லாத கல்லைப் பற்றியும் ஊரில் ஒரு கதை உண்டு. மி சௌவின் உடல் கல்லாகி, கடலிலிருந்து ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுக் கோ லோவா வரைக்கும் மிதந்து வந்ததாம். ஊர்க்காரர்கள் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா கோயில் வரைக்கும் அது போகவில்லை. ஆலமரத்தடியில் தூளி அறுந்து விழுந்தது, அங்கேயே இருந்துவிட்டாள். மன்னரைக் கும்பிட்டுவிட்டு வரும் பெண்கள் இங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறார்கள். சிலர் கையில் அவளுக்குப் போட முத்துமாலை இருக்கும்.